நெல்லிமரத்தில் இன்னொரு பச்சை

மாசி மாதத்தில் பிலிகிரிரங்கன் மலையின் வறண்ட சரிவுகளில் காட்டு நெல்லி இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். அப்போது மரத்தில் எங்காவது பச்சை தெரிந்தால் அது அநேகமாக நெல்லியுடையது இல்லை. கிளையின் நடுவில் கொத்தாகத் தொங்கும் இலைகள் தடிப்பாக, அகலமாக இருக்கும். நெல்லியின் இழை இழையான இலையோடு அதற்கு எந்தச் சாயலும் கிடையாது. கொத்தின் அடியைப் பார்த்தால் அந்த இடத்தில் நெல்லிக்கிளை முண்டு தட்டி வீங்கியிருக்கும். கிளைக்குள் உறிஞ்சு வேரை இறக்கி உட்கார்ந்திருக்கும் வேறொரு செடி அது. நாம் புல்லுருவி என்கிறோம். அந்த மலையில் வாழும் சோளகர்கள் உப்பிலு என்கிறார்கள். தாவரவியலில் அதன் பெயர் டாக்சிலஸ் டொமென்டோசஸ்.

அது மரத்தில் ஏறும் விதமே ஒரு வேடிக்கை. புல்லுருவியின் பழத்துக்குள் விதையைச் சுற்றிப் பசை இருக்கிறது. பூக்கொத்தி என்கிற மிகச் சிறிய குருவி, எட்டு சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும், பழத்தை விழுங்கிக் கொஞ்ச நேரத்தில் விதையை எச்சத்தோடு வெளியேற்றும். பசை விடாது; வாலடியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். குருவி கிளையில் பின்புறத்தைத் தேய்த்து விதையை உதறிவிட்டுப் பறக்கும். ஒட்டிய இடத்திலேயே விதை முளைத்து, பட்டையைத் துளைத்து, மரத்தின் நீர்க்குழாய்வரை போய்ச் சேரும். பச்சை இலை இருப்பதால் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும். நீரும் தாது உப்பும் மட்டும் நெல்லியின் கணக்கில். கோடையில் மரம் தண்ணீரைச் சிக்கனம் செய்யும்போதும் புல்லுருவி தன் இலைத்துளைகளைத் தாராளமாகத் திறந்தே வைத்திருக்கும். ஒன்றிரண்டு கொத்து இருந்தால் மரம் தாக்குப்பிடிக்கும். கிளைக்குக் கிளை ஏறிவிட்டால் காய்ப்பு குறையும். பிறகு கிளை காயும். கடைசியில் மரமே போகும்.

கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், நம் சத்தியமங்கலம் காட்டுக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கும் இடத்தில் இருக்கிறது இந்த மலை. சோளகர்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் இருக்கிறார்கள். ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவல் வழியாக, வீரப்பன் தேடுதல் வேட்டையில் சிக்கிச் சிதைந்தவர்களாகத்தான் தமிழ் வாசகர்களில் பலருக்கு அவர்கள் அறிமுகம். அந்த அறிமுகம் அவசியமானது. ஆனால் அவர்களுக்கும் செடிகொடிகளுக்கும் உள்ள உறவைப் பற்றி அறிவியல் இதழ்களில் கடந்த முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் விவாதம் அந்த அளவுக்கு நம்மை எட்டவில்லை.

பழங்குடிகளும் தாவரங்களும் என்று பேச்செடுத்தால் எல்லோரும் முதலில் காட்டுவது தெய்வ மரத்தைத்தான். இங்கேயும் ஒன்று இருக்கிறது: பார்கவி ஓடையின் கரையில் நிற்கும் தொட்ட சம்பிகே என்ற பெரிய செண்பகம். வயது 600 ஆண்டுக்கு மேல் என்பது பரவலான கணிப்பு. சோளகர்கள் அதைவிடப் பல மடங்கு சொல்வார்கள். வேர்களுக்கிடையே சிறு சிறு கற்கள் வரிசையாக நடப்பட்டிருக்கும். சோளகர் குலங்கள் ஒவ்வொன்றுக்கும் காட்டில் தனித்தனி எல்லை உண்டு. ஒவ்வோர் எல்லைக்குள்ளும் தேவரு, மாரம்மா, வீரு, கல்லுகுடி, அப்பி என்று ஐந்து வகைப் புனித இடங்கள். அப்பி என்பது நீரூற்று. சோளகர்களிலிருந்தே ஆய்வாளராக வந்த சி. மாதேகௌடாவும் அவருடன் வேலை செய்தவர்களும் இத்தகைய இடங்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதை வரைபடத்தில் குறித்திருக்கிறார்கள்.

இதை எழுதுவது சுலபம். சுற்றுலாத் துறையும் எழுதும், வனத்துறை பலகையும் எழுதும். கும்பிடும் மரத்தை யாரும் மறுப்பதில்லை. காட்டில் அவர்கள் செய்துவந்த வேலை என்று வரும்போதுதான் சிக்கல். அந்த வேலையில் முக்கியமானது தீ வைப்பது.

தரகு பெங்கி என்று அதற்குப் பெயர். சருகுத் தீ. பனிக்காலம் முடிந்து சருகு உதிர்ந்தவுடன், ஜனவரி பிப்ரவரி வாக்கில், தரையில் இன்னும் கொஞ்சம் ஈரம் மிச்சமிருக்கும்போதே பற்றவைப்பார்கள். அந்தப் பருவத்தில் சருகு மெல்லிய படுகையாகத்தான் கிடக்கும், புல்லின் அடியும் முழுதாகக் காய்ந்திருக்காது. அதனால் தீ தரையோடு தரையாக ஊர்ந்து போகும். ஈரமான பள்ளம் வந்தால் தானே அணையும். எல்லா இடமும் எல்லா ஆண்டும் எரியாது. எரிந்த துண்டும் எரியாத துண்டும் கலந்து கிடப்பதால் ஏப்ரலில் எங்கோ ஒரு பீடி நெருப்பு விழுந்தாலும் அது மலை முழுவதும் பரவ வழியில்லாமல் போகும். எரித்த இடத்தில் முதல் மழைக்குப் புதுப் புல் வரும், மான் வரும். நூறைக் கிழங்குக் கொடி எங்கே முளைக்கிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். காட்டில் நடக்கப் பாதையும் கிடைக்கும்.

புல்லுருவியும் இந்தத் தீயால்தான் கட்டுக்குள் இருந்தது என்பது சோளகர்கள் சொல்வது. லூசி ரிஸ்ட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதை அவர்களிடம் விரிவாகக் கேட்டு, புள்ளிவிவரங்களோடு ஒப்பிட்டு, 2010-ல் கட்டுரையாக வெளியிட்டார்கள். முழங்கால் உயரத் தீ எப்படிக் கிளை மேலிருக்கும் செடியைக் கொல்லும் என்று கேட்கத் தோன்றும். காட்டு நெல்லி வானளாவும் மரமில்லை, அதன் கிளைகள் தாழ்வானவை. வெப்பமும் புகையும் போதும் என்கிறார்கள் அவர்கள். உயிரியல்படி இதில் முரண் எதுவும் இல்லை. நெல்லிக்குப் பட்டை காப்பு. மேலே கருகினாலும் வேரிலிருந்து துளிர்க்கும். புல்லுருவிக்கு மண்ணுக்குள் கிழங்கோ வேரோ கிடையாது. இலையும் தண்டும் கருகிவிட்டால் திரும்ப எழுவது கடினம். ஆஸ்திரேலிய யூகலிப்டஸ் காடுகளிலும் புல்லுருவிகள் தீயைத் தாங்காதவை என்பது தெரிந்த செய்தி.

இன்னொரு வேலை கைவேலை. நெல்லி, கார்த்திகையிலிருந்து மாசிவரை காட்டின் பெரிய வருமானம். 1990-களில் நடந்த கணக்கெடுப்புகளின்படி சோளகர் குடும்பங்களின் வருமானத்தில் பாதியளவு தேன், நெல்லி, சீயக்காய், மரப்பாசி போன்ற சிறு வன மகசூலிலிருந்து வந்தது. பழங்குடிகளுக்கான லேம்ப்ஸ் கூட்டுறவுச் சங்கங்கள் கொள்முதல் செய்யும். காய் பறிக்க மரமேறுகிறவர், வெட்டவேண்டிய கிளை என்றால் உப்பிலு பிடித்த கிளையை வெட்டுவார். காய் எல்லாவற்றையும் உதிர்ப்பதில்லை. கொஞ்சம் மானுக்கு என்று விடுவது வழக்கம்.

மானுக்கு விடுவதில் பக்தி மட்டுமில்லை, நெல்லியின் அடுத்த தலைமுறையே அதில் இருக்கிறது. புள்ளிமானும் கேளையாடும் கீழே விழுந்த நெல்லிக்காயை அப்படியே விழுங்கும். சதை வயிற்றுக்குப் போகும். பிறகு நிழலில் படுத்து அசைபோடும்போது கொட்டையை மட்டும் வாயிலிருந்து துப்பும். மான் படுத்து எழுந்த இடத்தில் இப்படித் துப்பிய கொட்டைகள் குவிந்து கிடப்பதைக் காணலாம். வெயிலில் காயக் காய அந்தக் கொட்டை ஒருநாள் பட்டென்று வெடிக்கும். மூன்று அறை, அறைக்கு இரண்டாக ஆறு விதை. சிவப்பாக, முக்கோண வாட்டத்தில். வெடித்த வேகத்தில் சுற்றிலும் தெறிக்கும். தாய்மரத்தடி நிழலுக்கு வெளியே நெல்லி போவதற்கு வழி இதுதான்.

இதில் எல்லாமே நல்ல பிள்ளைத்தனமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். சந்தையில் விலை ஏறிய ஆண்டுகளில், அடுத்தவன் பறித்துவிடுவானோ என்ற அவசரத்தில், பிஞ்சு முற்றுமுன்பே பறித்ததும் உண்டு, கிளையைக் கண்டபடி முறித்ததும் உண்டு. உமா ஷங்கர், கமல் பாவா, சித்தப்ப செட்டி போன்ற ஆய்வாளர்கள் 1990-களிலிருந்து இதை அளந்திருக்கிறார்கள். கிளை வெட்டிய மரம் அடுத்த சில ஆண்டுகள் குறைவாகக் காய்ப்பதும் பதிவாகியிருக்கிறது. தீயும் அப்பாவி இல்லை. நெல்லிக் கன்றையும் அது கருக்கும். ஒரே இடம் வருடம் தவறாமல் எரிந்தால் கன்று மரமாகும் வாய்ப்பே இராது.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1974-ல் இந்தக் காடு சரணாலயம் ஆனது. பிற்பாடு விரிவாக்கப்பட்டுச் சுமார் 540 சதுர கிலோமீட்டர். இடம் மாற்றி இடம் கேழ்வரகு விதைத்துவந்த சோளகர்கள் போடு எனப்படும் நிலையான குடியிருப்புகளுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். வேட்டைக்குத் தடை, காட்டு விவசாயத்துக்குத் தடை, தீக்கும் தடை. வனத்துறைக்குத் தீ என்றாலே எதிரி. தேக்கும் ஈட்டியும் எரிந்தால் வருவாய் போகும் என்ற வெள்ளைக்காரன் காலத்துக் கணக்கு அது. வருவாய் நோக்கம் போய்ப் பாதுகாப்பு நோக்கம் வந்த பிறகும் அந்தக் கணக்கை யாரும் திருத்தவில்லை.

தடைக்குப் பிறகு இரண்டு பச்சைகள் காட்டில் ஏறின. ஒன்று, மேலே உப்பிலு. இன்னொன்று, கீழே உண்ணிச்செடி.

உண்ணிச்செடிக்கு அறிமுகம் தேவையில்லை. லன்டானா என்று பாடப்புத்தகம் சொல்லும். வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்தது. ஆய்வாளர்கள் பரத் சுந்தரமும் அங்கிலா ஹிரேமத்தும் பிலிகிரிரங்கன் மலையில் ஒரே இடங்களை 1997-லும் 2008-லும் பார்த்தபோது, முதலில் நூற்றுக்கு நாற்பது இடங்களில் இருந்த உண்ணிச்செடி பதினோரு ஆண்டில் எண்பது இடங்களில் இருந்தது. ஆளுயரத்துக்கு மேல் பின்னிக்கொண்டு நிற்கும் அந்தப் புதருக்குள் வெயில் தரையைத் தொடாது. மான் துப்பிய கொட்டை வெடித்து விதை முளைத்தாலும் கன்றுக்கு வெளிச்சம் இல்லை. முதலில் அங்கே மான் நுழைந்தால்தானே.

இங்கேதான் அறிவியல் விவாதம் சுவையாகிறது. உண்ணிச்செடிக்கும் தீக்கும் என்ன உறவு? 2005-ல் ஹிரேமத்தும் சுந்தரமும் ஒரு கருதுகோளை முன்வைத்தார்கள்: தீ காட்டைத் திறக்கிறது, திறந்த இடத்தில் உண்ணிச்செடி வருகிறது, உண்ணிச்செடி காய்ந்து எரிபொருளாகிறது, அதனால் தீ அதிகமாகிறது, மறுபடி உண்ணிச்செடி. ஒரு சுழல். உலகில் வேறு இடங்களில் அயல் புற்கள் இப்படித் தீயோடு கூட்டு வைத்திருப்பது தெரிந்த விஷயமாதலால் கருதுகோள் நியாயமாகவே இருந்தது. சோளகர்களிடம் கேட்டபோது நேர் எதிரான பதில் கிடைத்தது: தீயை நிறுத்தியதால்தான் உண்ணிச்செடி வந்தது, நாங்கள் எரித்த காலத்தில் அதன் விதையும் நாற்றும் சருகுத் தீயில் போய்விடும், வளர்ந்து புதராக விட்டதில்லை.

இந்தப் பதிலை அதே ஆய்வாளர்கள் ஒதுக்கித் தள்ளாமல், வேறு இருவரையும் சேர்த்துக்கொண்டு 2012-ல் தனிக் கட்டுரையாகவே எழுதினார்கள். தன் கருதுகோளுக்கு எதிரான சாட்சியைத் தானே பதிப்பிப்பது ஆய்வுலகில் தினமும் நடப்பதில்லை. யோசித்துப் பார்த்தால் இரண்டு கூற்றும் ஒரே தீயைப் பற்றியவை என்றும் சொல்ல முடியாது. ஜனவரி மாத ஈரத்தில் சருகு எரிவதும், ஏப்ரல் மாத வெக்கையில் காய்ந்த உண்ணிப்புதர் எரிவதும் பெயரில்தான் ஒன்று. முன்னது தரையோடு போகும். பின்னது புதரில் ஏறி, மரத்தின் தலைவரை போகும், மரம் சாகும், உண்ணிச்செடியோ அடிக்கட்டையிலிருந்து ஒரே மழையில் துளிர்க்கும். வனத்துறைப் பதிவேட்டில் இரண்டும் ‘காட்டுத்தீ’ என்ற ஒரே கட்டத்தில்தான் ஏறும்.

சோளகர்கள் சொல்வதால் மட்டும் அது உண்மையாகிவிடாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எழுபதுகளுக்கு முன்பு எவ்வளவு இடம், எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எரிந்தது என்பதற்கு எழுத்துப் பதிவு மிகக் குறைவு. நினைவை நம்பித்தான் பேசவேண்டியிருக்கிறது. பழைய தீயை இன்றைய காட்டில் சோதித்துப் பார்க்கவும் முடியாது, ஏனென்றால் அந்தத் தீக்குரிய காடு இப்போது இல்லை. நெல்லி விஷயத்தில் கொஞ்சம் உறுதியான தரவு இருக்கிறது. ஹவாய் பல்கலைக்கழகத்தின் தமாரா டிக்டின், ஆர். கணேசன், சித்தப்ப செட்டி முதலியோர் இங்குள்ள இரண்டு காட்டு நெல்லி இனங்களை 1999 முதல் 2009 வரை மரம் மரமாகப் பின்தொடர்ந்தார்கள். மரங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஆனால் குற்றவாளி என்று எல்லோரும் நினைத்திருந்த பழம் பறித்தலுக்கு அதில் பெரிய பங்கு இல்லை. முதிர்ந்த மரத்தைப் புல்லுருவியும், இளங்கன்றை உண்ணிச்செடியும் பார்த்துக்கொண்டன.

ஆய்வு நடந்துகொண்டிருந்த நேரத்திலேயே, 2006-ல், காட்டிலிருந்து விற்பனைக்கு எதையும் எடுக்கக்கூடாது என்று தடை வந்துவிட்டது. வனவிலங்குச் சட்டத்துக்கு 2002-ல் செய்த திருத்தம் அதற்குக் காரணம் காட்டப்பட்டது. தீ ஏற்கெனவே போயிருந்தது. இப்போது உப்பிலுக் கிளையை வெட்டிக்கொண்டிருந்த கையும் போயிற்று. நெல்லியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் இதைவிட மோசமான வரிசையில் தடைகளைப் போட்டிருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பசிக்கு மாற்று என்ன என்ற கேள்வி தனி. பலர் காப்பித் தோட்டக் கூலிக்குப் போனார்கள்.

அதே 2006-ல் நாடாளுமன்றம் வன உரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றியது. 2011 ஜனவரியில் இந்தக் காடு புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. சோளகர்கள் வெளியேற்றத்துக்கு அஞ்சிப் போராடினார்கள். அந்த அக்டோபரிலேயே 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் இப்படிக் கிடைத்தது நாட்டிலேயே முதல்முறை. தேன் எடுக்கலாம், நெல்லி பறிக்கலாம், மாடு மேய்க்கலாம், புனித இடங்களில் வழிபடலாம், காட்டைக் காக்கலாம், நிர்வகிக்கலாம். தீ மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை.

இது நம் ஊருக்கு மட்டுமான கதை இல்லை. வட கலிஃபோர்னியாவில் கிளமத் ஆற்றோரத்துக் காரூக், யூரோக் மக்கள் கூடை முடைய ஹேஸல் புதரின் தண்டைப் பயன்படுத்துகிறார்கள். எரிக்காத புதரின் தண்டு கிளைவிட்டு, கோணி, பூச்சி அரித்து, கூடைக்கு ஆகாது. எரித்த புதரிலிருந்து மறுபருவத்தில் நேரான, வளையக்கூடிய தண்டுகள் எழும். 2019-ல் வெளியான ஓர் ஆய்வில், எரித்து மூன்று பருவம் கடந்த புதர்களைவிடப் புதிதாக எரித்தவற்றில் கூடைக்கு உகந்த தண்டுகள் பதின்மூன்று மடங்கு இருந்தன. அங்கேயும் நூறாண்டுக்கு மேல் தீ குற்றமாக இருந்தது. அண்மைக் காலத்தில் பெரும் காட்டுத்தீக்களைப் பார்த்துப் பயந்த பிறகுதான் அரசு அவர்களோடு உட்கார்ந்து பேசத் தொடங்கியது.

பிலிகிரிரங்கன் மலையில் உடனே தீ வையுங்கள் என்று சோளகர்களே சொல்வதில்லை. உண்ணிச்செடி இவ்வளவு அடர்ந்த பிறகு பற்றவைத்தால் கையில் நிற்காது என்பது அவர்களுக்குத் தெரியும். முதலில் புதரை வேரோடு பிடுங்க வேண்டும். மூன்று நான்கு ஆண்டு தொடர்ந்து நாற்றைக் களைய வேண்டும். புல் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் சருகுத் தீயைப் பற்றிப் பேசலாம். நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டருக்கு இதைச் செய்ய ஆளும் பணமும் எங்கிருந்து வரும் என்று கேட்டால் யாரிடமும் நேரான விடை இல்லை. உண்ணிக் குச்சியை வேகவைத்து, தோலுரித்து, வளைத்து நாற்காலியும் கூடையும் செய்யும் பயிற்சி நடக்கிறது. கூடலூர்ப் பக்கத்தில் பெட்டக்குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளகர் கைவினைஞர்கள் உண்ணிக் குச்சியால் செய்த நிஜ அளவு யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. பார்க்க அழகு. ஒரு மழைக்காலத்தில் முளைக்கும் உண்ணிச்செடியின் கணக்குக்கு முன்னால் அது சொற்பம்.

உப்பிலு விஷயத்தில் காத்திருக்க வேண்டியதில்லை. நெல்லி பறிக்கப் போகிறவர் கையில் கத்தி இருந்தால் போதும். கொத்துப் பழுத்துக் குருவி வருமுன் வெட்டவேண்டும், வீங்கிய முண்டுக்கு ஒரு சாண் உள்ளே தள்ளி வெட்டவேண்டும், இல்லாவிட்டால் உறிஞ்சு வேர் கிளைக்குள் மிஞ்சி மறுபடி துளிர்க்கும். பறிக்கும் உரிமை இருக்கும் வரை இந்த வேலைக்குத் தனிக் கூலி தேவையில்லை, பறிப்பதோடு சேர்ந்தே நடந்துவிடும்.

தை பிறந்ததும் வனத்துறை தீத்தடுப்புக் கோடு போடத் தொடங்கும். காட்டுப் பாதைகளின் இருபுறமும் சில மீட்டர் அகலத்துக்குப் புதரை வெட்டிச் சாய்த்து, காயவிட்டு, காற்று அடங்கிய நேரம் பார்த்து அந்தப் பட்டைக்குள்ளேயே எரிப்பார்கள். தீ எந்தப் பக்கம் நகரும், எங்கே தானாக நிற்கும் என்று தெரிந்த ஆள் அதற்கு வேண்டும். அந்தத் தினக்கூலிக்கும், கோடை முழுவதும் குன்றின் மேல் உட்கார்ந்து புகை வருகிறதா என்று பார்க்கும் தீக்காவலர் வேலைக்கும் எடுக்கப்படுகிறவர்களில் பலர் சோளகர்கள்.